காதாலும் விரலாலும் கணினி ஆள்வோர்: கொள்கைப் பிரகடனம்

பார்வையற்றவர்களும் குறைபார்வை உடையவர்களும், எங்களோடு தோள் சேரும் பார்வையுள்ள நிரலாளர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். நிரல் எழுதுகிறவர்கள், மென்பொருளைச் சோதிக்கிறவர்கள், புள்ளியியல் படிக்கிறவர்கள், "உனக்கு எதற்கப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ்?" என்று கேட்கப்பட்டுக் கலைப் பாடத்துக்குத் திருப்பிவிடப்பட்டவர்கள் என எல்லோரும் எங்களில் உண்டு. எங்கள் அடிப்படைக் கோரிக்கை ஒன்றுதான். தொழில்நுட்ப மென்பொருள் எதுவானாலும், திரையைப் பார்க்காமலேயே அதை முழுமையாகப் பயன்படுத்த முடிய வேண்டும்.

செய்தி அனுப்பவும் பாட்டுக் கேட்கவும் பணம் செலுத்தவும் வழி ஓரளவு பிறந்துவிட்டது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான்களாக, 2009இல் ஐபோனுக்கு வாய்ஸ்ஓவரும் ஆண்ட்ராய்டுக்கு டாக்பேக்கும் வந்தன. ஆனால் அவையெல்லாம் பிறர் செய்து தந்ததைப் பயன்படுத்தும் வசதிகள். நிரல் திருத்திகள், தரவுத்தளக் கருவிகள், புள்ளியியல் மென்பொருள்கள், மின்சுற்று வரையும் செயலிகள் ஆகியவற்றில்தான் புதியவை உருவாகின்றன. வேலையும் சம்பளமும் அங்கேதான் இருக்கின்றன. எங்களுக்குக் கதவு சாத்தியிருப்பதும் அங்கேதான்.

தடை எங்கிருந்து வந்தது

திரைவாசிப்பான் படத்தைப் பார்ப்பதில்லை. அது இயங்குதளத்திடம் கேள்வி கேட்கிறது. இப்போது நிற்கும் இடத்தின் பெயர் என்ன? அது பொத்தானா, பட்டியலா, தேர்வுப் பெட்டியா? தேர்வாகியிருக்கிறதா, இல்லையா? பெயர், வகை, நிலை என்ற இந்த மூன்றையும் மென்பொருளை எழுதியவர் உள்ளே வைத்திருந்தால், விடை குரலாகக் காதுக்கோ பிரெயில் புள்ளிகளாக விரலுக்கோ வந்துவிடும். வைக்கவில்லை என்றால் என்ன ஆகும்?

ஒரு நிரல் திருத்தியைத் திறக்கிறோம். டேப் விசையை அழுத்தினால் "பட்டன்" என்கிறது. மறுபடி அழுத்தினால் "பட்டன்." மறுபடியும் "பட்டன்." ஒன்று சேமிக்கும், ஒன்று இயக்கும், ஒன்று அழிக்கும். எது எது என்று சொல்வார் இல்லை. பார்க்கிறவருக்கு அங்கே மூன்று சின்னங்கள் இருக்கின்றன; மென்பொருளை எழுதியவர் அவற்றுக்குப் பெயராக மூன்று சொற்களைச் சேர்த்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். இன்னும் சில மென்பொருள்களில் சன்னல் முழுவதும் ஒரே ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கும். அங்கே திரைவாசிப்பான் வாயே திறக்காது.

கணினி பிறக்கும்போதே இப்படி இருக்கவில்லை. பழைய டாஸ் இயங்குதளக் காலத்துத் திரையில் இருந்தது பெரும்பாலும் எழுத்துதான். எழுத்தைக் குரலாக்குவது எளிது. கார் விபத்தில் பார்வையிழந்த அமெரிக்க நிரலாளர் டெட் ஹென்டர் 1989இல் டாஸுக்காகத்தான் 'ஜாஸ்' திரைவாசிப்பானைக் கொண்டுவந்தார். பிறகு சன்னல்களும் சின்னங்களும் மவுசும் வந்தன. அதுவரை கட்டளை வரியில் யாருக்கும் சளைக்காமல் வேலை செய்த பார்வையற்றவர்கள் ஒரே தலைமுறையில் வெளியே நிறுத்தப்பட்டார்கள். ஆக, இந்தத் தடை எங்கள் கண்ணில் இல்லை. மனிதர்கள் எடுத்த வடிவமைப்பு முடிவுகளில் இருக்கிறது. மனிதர் கட்டியதை மனிதரால் பிரிக்கவும் முடியும்.

முடியும் என்பதற்குச் சான்றுகள்

புனேயில் வளர்ந்து மும்பை ஐஐடியில் படித்த பார்வையற்ற நிரலாளர் டி. வி. ராமன், கணிதச் சமன்பாடுகளைக் குரலில் வாசித்துக்காட்டும் மென்பொருளைத் தம் முனைவர் பட்ட ஆய்வாக 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முடித்தார். அடுத்த ஆண்டு, ஈமேக்ஸ் என்ற நிரல் திருத்தியைப் பேசவைக்கும் அவரது 'ஈமேக்ஸ்பீக்' வெளிவந்தது. திரையில் தெரியும் எழுத்தை ஒப்பிப்பதோடு அது நிற்கவில்லை. நிரலின் எந்தப் பகுதி குறிப்புரை, எது கட்டளை என்பதைக் குரலின் மாற்றத்தாலேயே உணர்த்தியது.

2006இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன் 'என்விடிஏ' திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்துகொண்டார். இருவரும் பார்வையற்றவர்கள். விலையுயர்ந்த திரைவாசிப்பானை வாங்க வழியில்லாத ஒரு மாணவர் இன்று கணினியில் வேலை செய்ய முடிகிறதென்றால், இலவசமாகவும் திறந்த மூலமாகவும் கிடைக்கும் இந்த மென்பொருள் அதற்குப் பெரும் காரணம். பைத்தான் நிரல்மொழியில் வரியின் தொடக்கத்தில் எத்தனை வெற்றிடம் என்பதே நிரலின் பொருளை மாற்றிவிடும். என்விடிஏவில் அதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது: வரி உள்ளே தள்ளத் தள்ள ஒலியின் சுருதி ஏறும், வெளியே வர வர இறங்கும். கண்ணால் அளக்கும் உள்தள்ளலை எங்கள் ஆட்கள் காதால் அளக்கிறார்கள்.

நியூசிலாந்தின் மாஸ்ஸி பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பிக்கும் ஜொனாதன் காட்ஃப்ரே பார்வையற்றவர். கட்டளைகளை எழுத்தாக ஏற்று விடையையும் எழுத்தாகவே தரும் 'ஆர்' மொழி பார்வையற்றவருக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 2013இல் கட்டுரை எழுதினார். 'பிரெயில்ஆர்' என்ற தொகுப்பையும் உருவாக்கினார். வரைபடத்தில் என்ன இருக்கிறது என்பதை அது சொற்களில் விவரிக்கும். பெருநிறுவனங்களாலும் முடியும்: மைக்ரோசாஃப்டின் நிரல் திருத்தியான விஷுவல் ஸ்டுடியோ கோடில் பிழையுள்ள வரிக்குப் போனால் தனி ஒலி எழுகிறது, அணுகல் உதவி ஒரு விசைச் சேர்க்கையில் திறக்கிறது.

இவை எல்லாவற்றிலும் ஓர் உண்மை பொதுவாக இருக்கிறது. கணினியின் உள்ளே இருப்பதெல்லாம் எழுத்தும் எண்ணும் அமைப்பும்தான். படம் கடைசி அடுக்கு. அந்தக் கடைசி அடுக்கில் கவனம் தவறுவதால்தான் நாங்கள் விடுபட்டுப் போகிறோம்.

தமிழில் இருக்கும் கூடுதல் பூட்டு

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பாடக் குறிப்புகளும் சுற்றறிக்கைகளும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. பாமினியில் 'தமிழ்' என்று தெரியும் சொல், கணினிக்கு ஐந்து ஆங்கில விசைக் குறிகள் மட்டுமே. திரைவாசிப்பான் அதை "ஜே கே பி ஓ செமிகோலன்" என்று வாசிக்கும். பக்கம் பக்கமாக இப்படியே கேட்டுப் பாருங்கள். தமிழக அரசு 2010இலேயே பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதன் பிறகும் பழைய எழுத்துருவில் வரும் ஒவ்வொரு கோப்பும் எங்களுக்குப் பூட்டிய கோப்பு. தமிழ் வழியில் படித்துக் கணினித் துறைக்கு வர நினைக்கும் மாணவர் முதலில் இதை உடைத்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

சட்டம் எங்கள் பக்கம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தை அணுகும் வசதியை 42ஆம் பிரிவில் வலியுறுத்துகிறது. சட்டத்தை மீறுவோருக்கு 89ஆம் பிரிவில் அபராதமும் உண்டு. மென்பொருளுக்கான இந்திய அணுகல் தரமாக ஐஎஸ் 17802 இருக்கிறது. அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் அணுகல் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரலில் கூறியது. எனவே நாங்கள் யாரிடமும் சலுகை கேட்டு நிற்கவில்லை. சட்டம் சொன்னதைச் செய்யுங்கள் என்கிறோம்.

எங்கள் கொள்கைகள்

1. அணுகல் இல்லாத மென்பொருள் முடிவடையாத மென்பொருள். பெயரில்லாத பொத்தான் ஒரு பிழை. மற்றப் பிழைகளோடு அதே பட்டியலில், அதே முன்னுரிமையோடு அது இடம்பெற வேண்டும்.

2. மவுசால் முடிகிற ஒவ்வொன்றும் விசைப்பலகையாலும் முடிய வேண்டும். இழுத்துப் போடுவதுதான் ஒரே வழி என்றால் அது வழியே இல்லை.

3. எழுத்தே மூலம். வரைபடத்தோடு அதன் தரவு அட்டவணையும், சமன்பாட்டோடு அதன் லேடெக் அல்லது மேத்எம்எல் எழுத்து வடிவமும் வர வேண்டும். நிரலைப் படம்பிடித்துப் பாடமாக அனுப்புவது நிற்க வேண்டும்.

4. குறைபார்வை உடையவர்களும் எங்களவர்களே. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிமாறுபாடு வேண்டும். இருமடங்கு பெரிதாக்கினாலும் எழுத்து வெட்டுப்படக் கூடாது. சிவப்பு, பச்சை என்று நிறத்தால் மட்டும் சேதி சொல்லக் கூடாது.

5. பார்வையற்றோருக்கென்று ஒதுக்கிய 'எளிய பதிப்பு' வேண்டாம். அதே மென்பொருள், அதே பதிப்பு, அதே நாளில் எங்களுக்கும் வேண்டும்.

6. ஊகம் அணுகல் ஆகாது. செயற்கை நுண்ணறிவு படத்தைப் பார்த்து விளக்கம் சொல்வதை வரவேற்கிறோம். ஆனால் ஒரு காற்புள்ளி பிசகினாலும் நிரல் நின்றுபோகும் இடத்தில், 'அநேகமாக இது இயக்கு பொத்தானாக இருக்கலாம்' என்பது போதாது.

7. சோதிப்பது உழைப்பு, உழைப்புக்குக் கூலி உண்டு. பார்வையற்ற சோதனையாளர்களை வடிவமைப்பின் முதல் நாளிலேயே சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும். எல்லாம் முடிந்தபின் அணுகலைச் சேர்ப்பது, வீட்டுக்கு வெள்ளையடித்த பிறகு குழாய் பதிக்கச் சுவரை உடைப்பதைப் போன்றது.

எங்கள் கோரிக்கைகள்

மென்பொருள் நிறுவனங்களே, ஒவ்வொரு புதிய பதிப்பையும் வெளியிடுமுன் திரைவாசிப்பானோடு சோதியுங்கள். நேற்றுவரை பேசிய பொத்தான் இன்றைய பதிப்பில் பேச மறுப்பது எங்கள் அன்றாட அனுபவம், அதற்கு முடிவுகட்டுங்கள்.

கல்லூரிகளே, பார்வையற்ற மாணவருக்குக் கணினிப் பாடத்தை மறுக்காதீர்கள். ஆய்வகக் கணினிகள் அனைத்திலும் திரைவாசிப்பானை நிறுவுங்கள். கணினி அறிவியல் பாடத்திட்டத்தில் அணுகலைத் தேர்வுக்குரிய பாடமாகச் சேருங்கள். அது தெரியாமல் பட்டம் பெற்று வெளியேறுகிறவர்தான் நாளைக்குப் பெயரில்லாத பொத்தானை எழுதுகிறார்.

வேலை தருவோரே, இணையவழி நிரல் தேர்வை நடத்தும் செயலி, முறைகேட்டைத் தடுக்கிறேன் என்று திரைவாசிப்பானையும் சேர்த்து முடக்கினால், அந்தத் தேர்வு எங்கள் திறமையை அளக்கவில்லை. வேறு ஏற்பாடு செய்யுங்கள்; அதைத் தேர்வு நாளுக்கு முன்பே சொல்லுங்கள்.

அரசே, நீங்கள் வாங்கும் ஒவ்வொரு மென்பொருளின் ஒப்பந்தப் புள்ளியிலும் ஐஎஸ் 17802ஐக் கட்டாய நிபந்தனையாக்குங்கள். தரம் இல்லாததை வாங்காதீர்கள். தமிழ்க் கோப்பு ஒன்றுகூட யூனிகோடு அல்லாத எழுத்துருவில் வெளியாகக் கூடாது என்று ஆணையிட்டு, அதை நடைமுறைப்படுத்துங்கள்.

எங்கள் கடமைகள்

எங்களுக்கும் நாங்கள் விதித்துக்கொள்வது உண்டு. சமாளித்துப் பழகியவர்கள் நாங்கள். தோழர் ஒருவரை அருகில் உட்காரவைத்து, "எந்தப் பட்டன்னு கொஞ்சம் சொல்லுடா" என்று கேட்டு வேலையை முடித்துவிடுகிறோம். வேலை முடிந்துவிடுவதால் பிழை வெளியே தெரிவதில்லை. இனி சமாளித்ததோடு நிறுத்திக்கொள்ள மாட்டோம். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த விசையை அழுத்தினோம், என்ன கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும் என்று எழுதிப் புகார் பதிவுசெய்வோம். பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் கொண்டுபோவோம்.

திறந்த மூல மென்பொருளில் புகாரோடு நிற்காமல் திருத்தத்தையும் நாங்களே எழுதி அனுப்புவோம். கற்றுக்கொண்டதைத் தமிழில் எழுதியும் பேசியும் பதிவுசெய்து அடுத்து வரும் மாணவருக்குக் கொடுப்போம். திரைவாசிப்பானின் தமிழ் உச்சரிப்பைச் செம்மைப்படுத்த உழைப்போம். அணுகலை நன்றாகச் செய்த மென்பொருளைப் பெயர்சொல்லிப் பாராட்டுவோம். இந்த இயக்கத்தின் அறிக்கைகள், கூட்டக் குறிப்புகள், கணக்குகள் எல்லாம் முதலில் எங்கள் எல்லோராலும் வாசிக்கத் தக்கவையாக இருக்கும்.

அழைப்பு

பார்வையற்ற மாணவரே, கணினி உங்கள் துறை இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வாருங்கள், கூட உட்கார்ந்து கற்றுத்தருகிறோம். பெற்றோரே, ஆசிரியரே, அவர்களைத் தடுக்காதீர்கள்.

மென்பொருள் எழுதும் நண்பரே, உங்களிடம் கேட்பது மிகச் சிறிது. இன்று நீங்கள் எழுதிய மென்பொருளைத் திறங்கள். மவுசைத் தள்ளி வையுங்கள். என்விடிஏவை இறக்கி இயக்குங்கள், காசு கேட்காது. திரையை அணைத்துவிட்டு விசைப்பலகையால் மட்டும் ஒரு கோப்பைத் திறந்து, மாற்றி, சேமித்துப் பாருங்கள். எந்த இடத்தில் நீங்கள் தடுமாறி நிற்கிறீர்களோ, அந்த இடத்தை முதலில் சரிசெய்யுங்கள். மற்றவற்றைச் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.