எத்தனை பாதை பார்த்தால் போதும்?

உயர்தர இணைந்த கணிதத்தில் எல்லை காண்பதில் பெரிய சிக்கல் இல்லை. மாறி ஒன்றுதான். புள்ளியை இடப்பக்கமிருந்து நெருங்கலாம், வலப்பக்கமிருந்து நெருங்கலாம். இரண்டும் ஒரே பெறுமானத்தைத் தந்தால் எல்லை இருக்கிறது. பல்கலைக்கழகம் போனதும் மாறி இரண்டாகிறது. பழைய பழக்கத்தில் பிள்ளைகள் இரண்டு பாதையைப் பார்த்துவிட்டு விடையை எழுதிவிடுகிறார்கள்.

மலையூரான பூனாகலைக்குப் பண்டாரவளையிலிருந்தும் வரலாம், கொஸ்லந்தையிலிருந்து ஏறியும் வரலாம், கொழுந்து மலைக்குள்ளால் குறுக்கு வழியிலும் வரலாம். எப்படி வந்தாலும் வந்து நிற்கும் இடத்தின் உயரம் ஒன்றுதான். அந்த இடத்திலிருந்து கிழக்கே உள்ள தூரத்தைக் ‘கி’ என்றும், வடக்கே உள்ள தூரத்தை ‘வ’ என்றும் வைப்போம். மேற்கும் தெற்கும் மறை எண்கள். இப்போது மலையின் உயரத்தை

கி·வ / (கி² + வ²)

என்ற சார்பு தருவதாகக் கற்பனை செய்யுங்கள். நேர் கிழக்கிலிருந்து வருபவருக்கு வ = 0; வழிநெடுக உயரம் 0. வடகிழக்கிலிருந்து வருபவருக்குக் கி = வ; வழிநெடுக ½. வடமேற்கிலிருந்து வருபவருக்கு −½. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆனாலும் மூவரும் வந்து சேரும் உயரம் வேறுவேறு. ஆகவே எல்லை இல்லை. இல்லை என்று காட்ட மட்டும் இரண்டு பாதை போதும்.

உண்டு என்று காட்டுவதில்தான் வழுக்குகிறது. இத்தாலியக் கணிதர் பெயானோ 1884இல் காட்டிய சார்பு இது:

கி·வ² / (கி² + வ⁴)

எந்த நேர்கோட்டில் வந்தாலும் இது 0ஐ நெருங்கும். வ = ம·கி (ம ஒரு மாறிலி) என்று பிரதியிட்டால் ம²·கி / (1 + ம⁴·கி²) கிடைக்கும்; கி சுருங்க அதுவும் சுருங்கும். வடக்குத் தெற்குக் கோட்டிலோ கி = 0, பெறுமானமும் 0. எண்ணற்ற பாதைகள் ஒரே பதிலைச் சொல்கின்றன. ஆனால் கி = வ² என்ற பரவளைவில் வந்து பாருங்கள்: வ⁴ / 2வ⁴, அதாவது ½. எல்லை இல்லை.

இதில் தடுமாறும் மாணவர் வெட்கப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு மாறியிலும் தனித்தனியே தொடர்ச்சியான சார்பு மொத்தமாகவும் தொடர்ச்சியானது என்று 1821இல் கணித மேதை கோஷியே தவறாக எழுதிவிட்டார்.

அப்படியானால் எல்லை உண்டென்று எப்படி நிறுவுவது? பாதைகளை விட்டுவிட்டுத் தூரத்தைப் பிடிக்க வேண்டும். கி²·வ / (கி² + வ²) என்பதை எடுங்கள். பகுதி பூச்சியமாகிறது என்பதற்காகவே எல்லை இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கி² / (கி² + வ²) ஒருபோதும் 1ஐத் தாண்டாது. எனவே சார்பின் பருமன் வ-இன் பருமனை மிஞ்சாது. எந்த வளைவில், எந்தச் சுருளில் வந்தாலும் வ பூச்சியத்தை நெருங்க, சார்பும் நெருங்கியே தீரும். எல்லை 0. அந்தப் புள்ளியில் சார்புக்கு 0 என்ற பெறுமானத்தைக் கொடுத்துவிட்டால் தொடர்ச்சியின்மையும் நீங்கிவிடும்.

தூரம், கோணம் என்று ஆள்கூற்றை மாற்றுவோருக்கும் இதே எச்சரிக்கைதான். கோணத்தை நிலையாகப் பிடித்துக்கொண்டு தூரத்தைச் சுருக்கினால் மறுபடியும் நேர்கோடுகளைத்தான் பார்க்கிறீர்கள். பெயானோவின் சார்பு அங்கேயும் 0 காட்டி ஏமாற்றும். சார்பின் பருமனுக்கு நீங்கள் காணும் மேல்வரம்பில் கோணம் இருக்கக் கூடாது, தூரம் மட்டுமே இருக்க வேண்டும்.