ஊர் கூடி இழுக்கும் விஞ்ஞானத் தேர்

பெரிய தேர். அதை ஒரே ஒரு பலசாலி இழுக்க முடியுமா? முடியாது. ஆயிரம் பேர் வடம் பிடித்தால் தேர் நகரும். அந்த வடத்தில் இளைஞனின் கையும் இருக்கும். கிழவரின் கையும் இருக்கும்.

விஞ்ஞானத்திலும் இப்படி ஒரு தேர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் வடத்தைப் பிடித்திருப்பவை கைகள் அல்ல. வீடுகளில் சும்மா இருக்கும் கம்ப்யூட்டர்கள்!

சும்மா இருக்கும் நேரம்

ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. பையன் பாடம் படிக்கிறான். அப்பா கடிதம் எழுதுகிறார். அப்போதுகூட அதன் பலத்தில் ஒரு சிறு பங்குதான் செலவாகிறது. மற்ற பலம் வீணாகக் கிடக்கிறது.

விஞ்ஞானிகளிடமோ கணக்கு மலைபோல் குவிந்திருக்கிறது. ஒரு மருந்து நம் உடலில் உள்ள புரதத்தோடு எப்படி ஒட்டும்? வானத்திலிருந்து வந்த அலைகளில் எது நட்சத்திரத்தின் துடிப்பு? எது வெறும் இரைச்சல்? இதற்கெல்லாம் கோடி கோடியாகக் கணக்குப் போடவேண்டும்.

அந்த மலையைச் சிறு சிறு கற்களாக உடைக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கல்லாக இன்டர்நெட் மூலம் அனுப்புகிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் அந்தக் கணக்கைப் போட்டு, விடையைத் திருப்பி அனுப்புகிறது. கூலி கிடையாது. இது தானம்.

கண்டுபிடித்தது யார்?

இந்த முறையை உலகம் முழுவதும் பரப்பியது அமெரிக்காவில் உள்ள பெர்க்லி பல்கலைக்கழகம். வேற்றுலக உயிர்கள் ரேடியோச் செய்தி அனுப்புகின்றனவா என்று தேட, 1999-ம் ஆண்டு மே மாதம் அது பொதுமக்களை அழைத்தது. லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். செய்தி எதுவும் கிடைக்கவில்லை. 2020-ம் ஆண்டு மார்ச் மாதத்தோடு புதிய கணக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள்.

அப்படியானால் அத்தனையும் வீணா? இல்லை. அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் "பாயின்க்" என்ற புரோகிராம். பல ஆராய்ச்சிகளுக்கு அதுவே பொது வடமாக ஆகிவிட்டது.

"ஐன்ஸ்டைன் அட் ஹோம்" என்ற ஆராய்ச்சி 2005-ல் தொடங்கியது. 2010-ம் ஆண்டு அதில் ஓர் அதிசயம் நடந்தது. வினாடிக்குச் சுமார் 41 தடவை சுழலும் ஒரு நட்சத்திரம் அகப்பட்டது! அதைக் கண்டுபிடித்தவை பெரிய ஆராய்ச்சிக்கூடத்து எந்திரங்கள் அல்ல. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் உள்ள ஒரு தம்பதியின் கம்ப்யூட்டரும், ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்தில் உள்ள ஒருவரின் கம்ப்யூட்டரும்தான் கண்டுபிடித்தன.

"ஃபோல்டிங் அட் ஹோம்" என்பது இன்னொன்று. புரதங்கள் எப்படி மடிகின்றன என்று ஆராய்வது அது. 2020-ம் ஆண்டு கொரோனா நோய் பரவியபோது மக்கள் திரண்டு வந்து அதில் சேர்ந்தார்கள். வினாடிக்கு 1-க்குப் பின்னால் 18 சைபர் போட்டால் வரும் அளவைத் தாண்டிக் கணக்குகள் நடந்தன. அப்போது உலகில் இருந்த எந்த ஒரு தனி ராட்சசக் கம்ப்யூட்டருக்கும் அந்த வேகம் இல்லை.

ஊர் கூடினால் தேர் நகரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

விட்டுக்கொடுக்கும் வேலைக்காரன்

இந்தத் தானத்துக்கு ஏற்றது "லினக்ஸ்". கம்ப்யூட்டரை இயக்கும் மூல புரோகிராம்களில் அதுவும் ஒன்று. 1991-ம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லைனஸ் டார்வால்ட்ஸ் அதைத் தொடங்கினார். இலவசமாகவே கிடைக்கிறது. மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும்.

லினக்ஸில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அதற்கு "நைஸ்" என்று பெயர். நல்ல குணம் என்று பொருள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நைஸ் எண் இருக்கிறது. எண் கூடக்கூட, அந்த வேலை மற்ற வேலைகளுக்கு விட்டுக்கொடுக்கும். கடைசி எண் 19. பாயின்க் அனுப்பும் சாதாரணக் கணக்குகள் அந்த 19-ல்தான் ஓடுகின்றன. வீட்டார் வேலை செய்தால் ஒதுங்கும். அவர்கள் எழுந்து போனால் மீண்டும் தொடங்கும்.

ஆனால் நினைவகம் அப்படி விட்டுக்கொடுக்காது. நான்கு கணக்குகள் ஒரே நேரத்தில் ஓடினால், நான்கும் இடத்தை அடைத்துக்கொள்ளும். இடம் போதாவிட்டால் லினக்ஸ் வட்டில் இடம் தேடும். வட்டு மெதுவானது. உடனே கம்ப்யூட்டர் நத்தையாகிவிடும். அங்கே கம்ப்யூட்டரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. ஓடும் கணக்குகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே வழி.

தனக்கு மிஞ்சித்தான் தானம்

தானம் செய்கிறவன் தன் வீட்டை மறக்கக் கூடாது. கம்ப்யூட்டர் இலவசமாகக் கணக்குப் போடுவதில்லை. மின்சாரம் தின்கிறது.

கணக்குப் போடும்போது 100 வாட் கூடுதலாகச் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட். மாதத்துக்கு 72 யூனிட்! தினம் 8 மணி நேரம் மட்டும் ஓடினால் மாதம் 24 யூனிட். எது தாங்கும் என்பதைக் குடும்பம் கூடிப் பேசி முடிவு செய்யவேண்டும். பில் வந்த பிறகு சண்டை போடுவதில் அர்த்தம் இல்லை.

பழைய கம்ப்யூட்டர் வீணாகக் கிடக்கிறதே, அதை ஓட்டலாமே என்று தோன்றும். யோசிக்கவேண்டும். பழையது மின்சாரத்தை அதிகம் குடித்து, குறைந்த வேலையைச் செய்யும். புதியது குறைந்த மின்சாரத்தில் நிறைய வேலை செய்யும்.

சூட்டையும் கவனிக்கவேண்டும். கம்ப்யூட்டரின் மூளையில் பல "கோர்"கள் இருக்கின்றன. நான்கு இருந்தால் இரண்டையோ மூன்றையோ மட்டும் தானத்துக்கு ஒதுக்கலாம். நேரத்தைப் பாதியாக்கும் வசதியும் பாயின்க்கில் உண்டு. ஆனால் அது கணக்கை நொடிக்கு நொடி நிறுத்தி நிறுத்தி ஓட்டும். சூடு ஏறி ஏறி இறங்கும். அதைவிடக் கோர்களைக் குறைப்பதே நல்லது. லினக்ஸில் வேகத்தின் உச்ச வரம்பைச் சற்றுக் குறைத்தாலும் லாபம்தான். வேகம் கொஞ்சம் குறையும். மின்சாரம் அதைவிட அதிகமாகக் குறையும்.

விசிறியில் தூசி அடைந்தால் துடைக்கவேண்டும். மடிக் கம்ப்யூட்டராக இருந்தால், பேட்டரியில் ஓடும்போது கணக்கை நிறுத்தும்படி அமைக்கவேண்டும்.

ஒப்புக்கொண்ட வேலை

இதில் முக்கியமான நீதி ஒன்று இருக்கிறது. வடத்தைப் பிடித்தவன் பாதியில் விடக் கூடாது.

ஒவ்வொரு கணக்குக்கும் கெடு தேதி உண்டு. கெடு தவறினால் அதே கணக்கை வேறு ஒருவருக்கு அனுப்பிவிடுவார்கள். முதலில் செலவான மின்சாரம் வீண். ஆசையால் பத்து நாள் வேலையை முன்கூட்டியே வாங்கிக் குவிப்பது தவறு. அரை நாள், ஒரு நாள் வேலை கையில் இருந்தால் போதும். ஒரு வாரம் ஊருக்குப் போவதானால், புதிய வேலை வாங்காமல் நிறுத்தி, இருப்பதை முடித்து அனுப்பிவிட்டுப் போகவேண்டும்.

சேவை செய்கிறவர்களுக்கு மார்க் போடும் வழக்கம் உண்டு. அந்த மார்க் ஆசையால் சிலர் கம்ப்யூட்டரை அளவுக்கு மீறி முடுக்குகிறார்கள். மார்க் ஏறலாம், கணக்கு தப்பும். அதனால்தான் பல ஆராய்ச்சிகளில் ஒரே கணக்கை இருவருக்கு அனுப்பி, விடைகளை ஒத்துப் பார்க்கிறார்கள். தப்பான விடையால் யாருக்கும் பயன் இல்லை. வேகத்தைவிடச் சரியான விடையே பெரிது.

சொந்தப் பொருள்தான் தானம்

தானம் செய்யும் பொருள் சொந்தப் பொருளாக இருக்கவேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அனுமதி இல்லாமல் இதை ஓட்டக் கூடாது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரி ஊழியர், கல்லூரிக் கம்ப்யூட்டர்களில் இப்படி ஒரு புரோகிராமை ஓட்டினார். வழக்கு வந்தது. 2002-ம் ஆண்டு அபராதத்தோடும் நன்னடத்தைக் கண்காணிப்போடும் முடிந்தது. நல்ல எண்ணம் மட்டும் போதாது. நேர்மையும் வேண்டும்.

புரோகிராமையும் லினக்ஸின் சொந்தத் தொகுப்பிலிருந்தோ, ஆராய்ச்சி நடத்துகிறவர்களிடமிருந்தோதான் எடுக்கவேண்டும். ஆராய்ச்சி யாருடையது, விடைகளை என்ன செய்கிறார்கள் என்று பார்த்துச் சேரவேண்டும். பாத்திரம் அறிந்து பிச்சை இடு என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

சிலர் கேட்கலாம்: "அரசாங்கங்களிடம் ராட்சசக் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஏழை வீட்டுக் கம்ப்யூட்டர் எதற்கு?" ராட்சசக் கம்ப்யூட்டர்களில் இடம் பிடிக்க விஞ்ஞானிகள் வரிசையில் நிற்கிறார்கள். எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. வரிசையில் பின்னால் நிற்கும் ஆராய்ச்சியாளருக்கு வீட்டுக் கம்ப்யூட்டர்கள் கை கொடுக்கின்றன.

கட்டாயம் எதுவும் இல்லை. மின்சாரச் செலவு தாங்காத குடும்பம் இதில் சேரவேண்டியதில்லை. அதனால் குறையும் இல்லை. தாங்கக்கூடியவர்கள் தினம் சில மணி நேரம் கொடுக்கலாம். எத்தனை மணி நேரம் என்பது பெரிதல்ல. கொடுத்ததை ஒழுங்காகக் கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி.

தேரில் முன் வடம், பின் வடம் என்று பெருமை பேசினால் தேர் நகராது. எல்லோரும் ஒரே திசையில் இழுக்கவேண்டும். இழுத்தால், நிலைக்கு வரும்!