ராம் போட இடம் வேண்டும்

நான்கு ஜி.பி. ராமுடன் விற்கப்பட்ட மேஜைக் கணினி, சில வருஷங்கள் கழித்துப் பிரவுசரைத் திறப்பதற்கே நிமிஷக்கணக்கில் தாமதித்து, இரண்டு பைல்களைச் சேர்ந்தாற்போல் திறந்தால் ‘ஹேங்’ ஆகி நின்றுவிடும்போது, ராமைக் கூட்டிப் பார்க்காமலே யந்திரத்துக்கு வயதாகிவிட்டது என்று தீர்மானித்துப் புதியது வாங்கக் கிளம்பிவிடுகிறவர்களே அதிகம். இந்த அவசரத் தீர்மானத்தால் வீட்டுப் பணமும், காரியாலயங்களில் பொதுப் பணமும் வீணாகின்றன என்பது என் திடமான அபிப்பிராயம்.

ராம் என்ற தற்காலிக நினைவகத்தில் இடம் போதாதபோது, உடனடியாகத் தேவைப்படாத தகவல்களை விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கில் ஒதுக்கிவைத்து, வேண்டும்போது மறுபடி எடுத்துவருகிறது. சுழலும் தட்டுகளைக் கொண்ட அந்த டிஸ்க் ஒரு தகவலைத் தேடி எடுக்கும் நேரத்தில் ராம் பதினாயிரம் தடவைக்கு மேல் எடுத்துக் கொடுத்துவிடும் என்பதால், நல்ல புராஸஸர்கூட வேலையின்றிக் காத்துக் கிடக்கிறது. டாஸ்க் மேனேஜரில் மெமரி என்ற பகுதியைத் திறந்தால், எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதோடு, ராம் செருகும் ஸ்லாட்டுகள் எத்தனையில் எத்தனை உபயோகத்தில் உள்ளன என்பதும் அங்கேயே தெரியும். இரண்டில் ஒன்று காலி என்றிருந்தால் அது நல்ல செய்தி.

எந்த ராம் பொருந்தும் என்பதை நிர்ணயிப்பது மதர்போர்டு. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டுக்கும் 288 பின்கள்தான் என்றாலும், அடியிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது இறங்காது. 32 பிட் விண்டோஸ் இருந்தால், நான்கு ஜி.பி.க்கு மேல் போட்டுப் பிரயோஜனமில்லை. பொருத்தும் வேலையோ வெகு சுலபம். மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சிறிது அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றி, கையிலுள்ள நிலைமின்சாரம் சில்லுகளைத் தாக்காதபடி கேபினட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, கிளிப்பைத் திறந்து, வெட்டுக்கு நேராக ராமை நிறுத்தி, இரு முனைகளையும் கட்டைவிரல்களால் அழுத்தினால், ‘டிக்’கென்று கிளிப் தானே மூடிக்கொள்ளும். அழுத்தம் போதாவிட்டால் திரையில் ஒன்றும் வராது. மறுபடி அழுத்தமாகப் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் பழைய புராஸஸருக்கு ராம் பரிகாரமாகாது என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். ஆனால் ராமைக் கூட்டினால் பயன்படக்கூடிய மற்ற யந்திரங்கள் ஏராளம்.

செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிச் செல்வதால் 2025இன் பிற்பகுதியில் ராம் விலை கடுமையாக ஏறிவிட்ட நிலையில், இன்று குறைவாக வாங்கி, விலை இறங்கியபின் கூட்டிக்கொள்ளும் சுதந்திரமே வாங்குபவருக்குப் பெரிய பாதுகாப்பு. ஸ்லாட்டே இல்லாமல் ராமை மதர்போர்டில் பற்றவைத்தோ, 2020 முதல் வரும் ஆப்பிள் மேக் மினியைப்போல் புராஸஸருடன் ஒரே பொதியில் அடக்கியோ செய்யப்படும் கணினிகள் அந்தச் சுதந்திரத்தை முழுவதும் பறித்துவிடுகின்றன. வேகமும் மின்சாரச் சிக்கனமும் அதனால் கிடைப்பது மெய். ஆயினும், கணக்கெழுதவும் கடிதம் அடிக்கவும் வைக்கப்படும் மேஜைக் கணினிக்கு அந்த லாபம் இத்தனை பெரிய இழப்புக்கு ஈடாகாது.

ஆகையால் அரசுக் காரியாலயங்களும் பள்ளிகளும் கணினிக்கு டெண்டர் விடும்போது, எத்தனை ஜி.பி. என்று மட்டும் எழுதாமல், ஸ்லாட் ஒன்றாவது காலியாக இருக்கவேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கவேண்டும்; இரண்டே ஸ்லாட்டுள்ள மதர்போர்டில் நான்கு நான்காக எட்டு ஜி.பி.யை நிரப்பிக் கொடுத்தால், பின்னால் கூட்ட விரும்புகிறவர் நன்றாக ஓடும் ராமைக் கழற்றி எறியவேண்டிவரும்.