கத்தரி எடுக்கும் முன்

முக்கூடல் பக்கம் இரண்டு வயது தாண்டியும் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றால் வீட்டில் முதலில் தேடுவது வசம்பை. சுட்டு, உரைத்து, நாக்கில் தடவுவார்கள். அதற்கும் மசியாவிட்டால், பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு ஒரு பெரியம்மா பிள்ளையின் நாக்கைத் தூக்கிப் பார்ப்பார். “ஏட்டி, இவனுக்கு நாக்குல்லா ஒட்டியிருக்கு. பெரியாஸ்பத்திரியில காட்டி வெட்டி விட்டுரு” என்று தீர்ப்பு வந்துவிடும்.

நாக்கடியில் ஒரு சவ்வு பெரும்பாலும் எல்லாருக்கும் உண்டு. சிலருக்குக் குட்டையாகவோ தடித்தோ, நாக்கு நுனிவரை ஓடிவந்தோ இருக்கும்; அதுதான் நாக்கு ஒட்டு. அப்போது பால்குடிப் பிள்ளை மார்பைச் சரியாகக் கவ்வ முடியாமல் போகலாம். தாய்க்குக் காம்பில் புண். பிள்ளைக்கு எடை ஏறாது. பயிற்சி பெற்ற மருத்துவருக்கு அந்தச் சவ்வை நறுக்கிவிடுவது சில நிமிட வேலைதான். ஆனால், சவ்வு குட்டையாக இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் பாலுக்குத் திணறுவதில்லை. அவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே சிரமம் வருகிறது என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியின் 2024 அறிக்கை. 302 குழந்தைகள் பங்கேற்ற 5 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2017 காக்ரேன் ஆய்வில், வெட்டியபின் தாயின் வலி குறைந்தது தெரிந்தது. பால் குடிப்பது மேம்பட்டதா என்பதில் தெளிவான விடை கிடைக்கவில்லை. மடியில் அணைக்கும் விதத்தை முதலில் திருத்திப் பார்ப்பதே முறை.

மேலுதட்டுச் சவ்வின் கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் 100 பச்சிளங்குழந்தைகளைப் பார்த்தார்கள்; 100 பேருக்கும் அது இருந்தது. அந்தச் சவ்வின் மேல் பழிபோடும் முன்பல் சந்தும் பலருக்குக் கோரைப்பல் முளைக்கும் வயதில் தானே மூடிக்கொள்ளும்.

பேச்சுக்கு வருவோம். நாக்கு ஒட்டு சில எழுத்துகளின் உச்சரிப்பைக் கெடுக்கலாம். பிள்ளை பேசாமலேயே இருப்பதற்கு அதைக் காரணம் காட்ட ஆதாரம் இல்லை. பேச்சு தாமதமானால் முதலில் பார்க்க வேண்டியது காது. காது கேளாமையைக் கண்டுபிடிக்கவே 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் குழந்தைகள் நலத் திட்டத்தில் இடம் இருக்கிறது. கேட்காத பிள்ளைக்கு 6 வயதுக்குள் காக்ளியர் கருவி பொருத்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் உதவுகிறது. நாக்கை வெட்டிவிட்டு ‘இனிப் பேசிடுவான்’ என்று காத்திருப்பதில் கரைவது அந்த வயதுதான். ‘ழ’ வராததற்கு நாக்கைப் பழிப்பதும் அப்படியே. நெல்லைச் சீமையில் ‘வாளப்பளம்’ என்று சொல்லும் லட்சம் பேருக்கும் நாக்கு நன்றாகவே புரளும்.

பெரியவர்களுக்கு வேறு எச்சரிக்கை. பிறந்ததிலிருந்து நாக்கு ஒட்டி, சாப்பிடவும் பேசவும் இடைஞ்சல் என்றால் மரத்துப்போகும் ஊசி போட்டே சரிசெய்யலாம். நேற்றுவரை நன்றாக நீண்ட நாக்கு இன்று நீளவில்லை என்றால் அது நாக்கு ஒட்டு அல்ல. புகையிலையோ பாக்கோ போடுகிறவர் உடனே வாய்ப்புற்றுப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

சின்ன அறுவைதானே என்ற அலட்சியம் மருத்துவமனைக்குள்ளும் உண்டு. 2023 நவம்பரில் சாத்தூர்க் குழந்தை ஒன்றை நாக்கு அறுவைக்காக மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிறப்புறுப்பில் அறுவை நடந்திருப்பதைப் பார்த்துப் பெற்றோர் அதிர்ந்தார்கள். அங்கும் கோளாறு தெரிந்ததால் சேர்த்துச் செய்ததாக மருத்துவமனை விளக்கியது. 2024 மே மாதம் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் நேர்மாறு: ஆறாம் விரலை எடுக்க வந்த 4 வயதுச் சிறுமிக்கு நாக்கில் அறுவை. மருத்துவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல், உயிர் காக்கும் அவசரம் இல்லாதபோது, இன்னொன்றுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கிலேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு அறுவை அரங்கின் வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை போலும். எந்த உறுப்பில், எதற்காக, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒப்புதல் படிவத்தில் தமிழில் எழுதி, கையெழுத்து வாங்கும் முன் வாசித்துக் காட்ட வேண்டும். பேச்சு வரவில்லை என்று வரும் பிள்ளைக்கு, செவித்திறன் சோதனைச் சீட்டு கையில் இல்லாமல் அறுவைக்கு நாள் குறிக்கக் கூடாது. பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரி இதை நாளைக்கே தொடங்கலாம். புதிதாகக் கட்டடம் எதுவும் தேவையில்லை.