வாங்கிய பொருளும் மறைத்த அறிவும்

விலைகொடுத்து ஒரு வீட்டை வாங்கியவனிடம் அதன் அறைகளுக்கெல்லாம் உரிய திறவுகோல்களை ஒப்படைப்பது விற்றவனின் கடமை. ஓர் அறையை மட்டும் பூட்டிவைத்து, "இவ்வறையை நான் குறிப்பிடும் பணியாளனே திறப்பான், நீர் அவனை மாற்றினால் அறை திறவாது" என்று ஒருவன் கூறுவானாயின் அவ்விற்பனையை நாம் ஏற்போமா? ஏற்கமாட்டோம். ஆனால் கணினியுலகில் அத்தகைய பூட்டிய அறையொன்றை உலகமே பல்லாண்டுகள் வாங்கிக்கொண்டிருந்தது. மடிக்கணினிகளின் உள்ளே பொருத்தப்பட்டிருந்த மோடம் என்னும் சிறு கருவியே அது. தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன இடம் என வினவுவோர் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

வளைகுடா நாடொன்றில் பணியாற்றிய எம் பழைய மாணவர் ஒருவர், தாம் பயன்படுத்திய மடிக்கணினியை 2004ஆம் ஆண்டில் துறைக்கு அன்பளிப்பாக அளித்தார். அதிலிருந்த விண்டோசு இயங்குதளம் நச்சுநிரல்களால் சீரழிந்திருந்தது. மீண்டும் நிறுவுவதற்குரிய குறுந்தகடு உடன் வரவில்லை. புதிதாக வாங்கத் துறையிடம் பணமில்லை. கணிதத்துறை நண்பர் ஒருவர் மனமுவந்து லினக்சு இயங்குதளத்தை நிறுவித் தந்தார். திரை ஒளிர்ந்தது, விசைப்பலகை இயங்கிற்று, ஒலிபெருக்கி ஒலித்தது. மோடம் மட்டும் வாய்திறக்கவில்லை.

அந்நாளில் எம் துறைக்கு இணையம் என்பது தொலைபேசிக் கம்பி வழியாக மட்டுமே வரக்கூடியதாக இருந்தது. அரபுத்தமிழ் நூல்களை ஆய்வுசெய்து வந்த மாணவி ஒருவர், வெளிநாட்டு நூலகங்களின் பட்டியல்களைக் காண வேண்டிய நிலையில் இருந்தார். கடைத்தெருவிலிருந்த இணைய மையத்தில் மணிக்கு 30 ரூபாய். மாலை வேளையில் அங்குச் செல்ல அவர் வீட்டார் இசையவில்லை. துறையின் மேசைமேல் கணினி இருந்தது, தொலைபேசி இருந்தது, இரண்டையும் இணைக்கும் கம்பியும் இருந்தது. இவ்வளவும் இருந்தும் அம்மாணவி மூன்று மாதம் காத்திருந்தார் என்பதே இக்கட்டுரையை என்னை எழுதவைத்தது.

மோடத்தின் தொழில் எளிதாகச் சொல்லத்தக்கதே. கணினியின் எண்களை ஒலியலைகளாக்கித் தொலைபேசிக் கம்பியில் அனுப்புவதும், வரும் ஒலியை மீண்டும் எண்களாக்குவதும் அதன் பணி. பழைய மோடங்களில் மூன்று உறுப்புகள் இருந்தன. கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் கட்டுப்படுத்தி ஒன்று. ஒலியலைக் கணக்குகளைச் செய்யும் சில்லு ஒன்று. கம்பியோடு உறவாடும் குறிமாற்றி ஒன்று. 1981ஆம் ஆண்டில் ஹேய்சு நிறுவனம் வெளியிட்ட மோடத்தின் 'ஏடி' என்று தொடங்கும் கட்டளைகள் பின்னர் எல்லா நிறுவனத்தாருக்கும் பொதுமொழியாயின. ஆகவே எந்த இயங்குதளமும் எந்த மோடத்தோடும் பேச இயன்றது. 1990களின் பிற்பகுதியில் உற்பத்தியாளர்கள் செலவைக் குறைக்க எண்ணினர். கணினியின் செயலி விரைவு பெற்றுவிட்டமையால், முதலிரண்டு உறுப்புகளின் வேலையையும் அதன் தலையிலேயே சுமத்தினர். குறிமாற்றி மட்டும் எஞ்சியது. எஞ்சிய பணியனைத்தையும் செய்யும் நிரல், விண்டோசுக்கு மட்டும் எழுதப்பட்டது. வின்மோடம் என்னும் பெயர் பிறந்த வரலாறு இதுவே. எம் மடிக்கணினியில் இருந்ததும் இவ்வகையினதே. அதன் விளம்பரத் தாளிலோ "56கே மோடம்" என்ற இரண்டு சொற்கள் மட்டுமே காணப்பட்டன.

உற்பத்தியாளர் தரப்பிலும் நியாயம் சிறிது உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஒரு சில்லைக் குறைத்ததால் விலை குறைந்தது. மின்கல ஆற்றலும் இடமும் மிஞ்சின. அதிவேக நெறிகளைச் சார்ந்த காப்புரிமைகள் பலரிடம் சிதறிக் கிடந்தன. தொலைபேசி வலைப்பின்னலில் இணையும் கருவிக்கு அரசுகளின் ஒப்புதல் தேவைப்பட்டது. நிரலை எவரும் திருத்தலாம் என்றால் அவ்வொப்புதல் நிலைக்குமோ என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. இவை யாவும் உண்மை. ஆயினும் கம்பியில் செல்லும் ஒலியின் இலக்கணமோ மறைபொருளன்று. வி.34, வி.90 முதலிய நெறிகளைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் நூலாகவே வெளியிட்டிருந்தது. சில்லோடு எவ்வாறு பேசுவது என்பதும், அந்த இலக்கணத்தைச் செயற்படுத்தும் நிரலும் மட்டுமே பூட்டப்பட்டன. பிரான்சு நாட்டு நிரலாளர் ஃபாப்ரிசு பெல்லார்டு முற்றிலும் திறந்த மென்மோடம் ஒன்றை லினக்சுக்காக எழுதத் தொடங்கினார். அதிவேக நெறிகளை முழுமையாக்கும் நிலையை அம்முயற்சி எட்டவில்லை. தனியொருவர் சுமக்கத்தக்க சுமையன்று அது.

எமக்குக் கிடைத்த வழி அரைகுறையானது. சில்லு நிறுவனமே லினக்சுக்கென ஓர் இயக்கி நிரலை வெளியிட்டிருந்தது. அதன் மேலுறை திறந்திருந்தது. உயிர்நாடியான ஒலிக் கணக்குப் பகுதியோ தொகுக்கப்பட்ட வடிவில் மூடியே தரப்பட்டது. லினக்சு இத்தகைய மூடிய நிரலைத் தன்னுள் ஏற்றும்பொழுது, தன் கரு கறைபட்டது என்று தானே பதிவுசெய்துகொள்ளும். 2001 முதல் உள்ள வழக்கம் இது. கறைபட்ட கருவில் எழும் பிழைகளை ஆராய அதன் ஆக்குநர்கள் பெரும்பாலும் இசைவதில்லை. காணமுடியாத பகுதியின் குற்றத்திற்கு அவர்கள் எங்ஙனம் விடைகூறுவர்? கருவின் பதிப்பு மாறுந்தோறும் இயக்கியையும் புதிதாகத் தொகுக்க வேண்டும். ஒருமுறை பதிப்பை உயர்த்தியதும் மோடம் மீண்டும் ஊமையானது. பழைய பதிப்புக்கே திரும்பினோம்.

இயக்கி இசைந்த பின்னரும் இடர் தீரவில்லை. "அழைப்பொலி இல்லை" என்றே மோடம் அறிவித்துக்கொண்டிருந்தது. தொலைபேசியைக் கையிலெடுத்தால் ஒலி தெளிவாகக் கேட்கிறது! இரண்டு நாள் இயக்கியைக் குறைகூறிக் கொண்டிருந்தோம். கல்லூரியின் தொலைபேசி இணைப்பகத்தைக் கவனித்துவந்த பாய் ஒருவர், கணினியே அறியாதவர், எம் புலம்பலைக் கேட்டுவிட்டு, "சார், துறை ஃபோனில் வருவது நம் இணைப்பகத்து ஒலி, வெளிக்கம்பியின் ஒலி 0 அழுத்திய பிறகுதானே வரும்" என்றார். அறிவு எங்கிருந்து வரும் என்று யாரால் சொல்ல முடியும்? அழைப்பொலிக்குக் காத்திராமல் எண்ணை அழுத்தச் சொல்லும் 'எக்ஸ்3' என்னும் கட்டளையைச் சேர்த்தோம். எண்ணின் முன்னே 0 இட்டு, வெளிக்கம்பி கிட்டும்வரை பொறுக்க ஒரு காற்புள்ளியும் இட்டோம். அக்காற்புள்ளி இரண்டு நொடி நிறுத்தத்தைக் குறிக்கும். கீச்சொலி எழுந்தது, இணைப்பும் கிட்டியது.

வேகம் நொடிக்கு 26,400 பிட்டுகள். தாளில் 56,000 என்றிருந்ததே என்று மாணவர் முகம் வாடிற்று. வி.90 நெறியின் உயர்வேகம், சேவையாளர் முதல் நம் தொலைபேசி நிலையம் வரை ஒலி எண்வடிவிலேயே வந்து, ஒரே ஒருமுறை அலைவடிவாக மாறினால்தான் கிட்டும். இடையே கல்லூரி இணைப்பகம் அதனை மறுபடி எண்ணாக்கி மறுபடி அலையாக்கினால் மோடம் பழைய வி.34 நெறிக்கு இறங்கிவிடும். இக்குறைக்கு நிறுவனமும் பொறுப்பன்று, லினக்சும் பொறுப்பன்று. எப்படியாயினும், தாம் தேடிய மூன்று நூல்களின் விவரங்களை அம்மாணவி அன்று மாலையே குறித்துக்கொண்டார்.

மூடிய நிரலைப் பயன்படுத்தியது தவறு என்று கணித நண்பர் கடிந்துரைத்தார். ரிச்சர்டு சுடால்மன் மசாசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய காலத்தில், ஆய்வகத்திற்கு வந்த புதிய லேசர் அச்சுப்பொறியின் மூலநிரல் மறுக்கப்பட்ட நிகழ்ச்சியையும், 1983இல் அவர் குனூ திட்டத்தை அறிவித்ததையும் நண்பர் எடுத்துக்காட்டினார். கொள்கையளவில் அவர் கூற்றே சரி. ஆயினும் ஒரு மாணவியின் ஆய்வைக் கொள்கைக்குப் பணயமாக்க என் மனம் ஒப்பவில்லை. இன்றும் ஒப்பாது. மாணவியைக் குறைசொல்வதை விடுத்து, விற்றவரைக் கேட்பதே முறை என்பது என் கருத்து. விற்கும் பொருளின் குறையை வாங்குவோரிடம் மறைத்தல் ஆகாது என்பது இசுலாம் வகுத்த வணிக நெறி. ஒரேயோர் இயங்குதளத்தை அண்டி மட்டுமே உயிர்வாழும் கருவியை, அச்செய்தியைக் கூறாது "மோடம்" என்று மட்டும் சொல்லி விற்பது அந்நெறிக்குப் பொருந்துமா? பொருந்தாது என்றே நான் கொள்கிறேன். விலையைக் குறைத்ததில் தவறில்லை. எதனால் குறைந்தது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

இனித் தமிழுக்கு வருவோம். அதே மடிக்கணினியில் நெகிழ்வட்டு இயக்கி இருந்தமையால், துறையின் 1996ஆம் ஆண்டு மலர்க் கோப்புகளை 2004இலேயே அதில் படியெடுத்து வைத்திருந்தோம். 2012இல் திறந்து பார்த்தபொழுது திரையில் உரோமன் எழுத்துகளும் குறிகளும் குப்பையாய்க் கிடந்தன. 1990களில் ஒவ்வொரு நிறுவனமும் தமிழெழுத்துகளுக்குத் தன் விருப்பம்போல் எண்களை ஒதுக்கிக்கொண்டது. ஒருவர் எழுத்துருவில் ககரம் இருந்த எண்ணில் மற்றவர் எழுத்துருவில் வேறேதோ அமர்ந்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் '99 மாநாட்டின் பயனாய்த் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் குறியாக்கங்களும் வந்தன. 1991 முதலே ஒருங்குறியிலும் தமிழ் இருந்தது. எம் மலரோ இவற்றுக்கெல்லாம் புறம்பானது. தட்டச்சு செய்த கடையும் அதன் எழுத்துருவும் மறைந்துபோயின. எமது படைப்பு, எமது உழைப்பு, திறவுகோல் மட்டும் பிறரிடம்.

அக்கோப்புகளில் 12 கட்டுரைகள் இருந்தன. 11 அச்சேறியவை. பன்னிரண்டாவது, பக்கம் போதாமையால் நிறுத்தப்பட்டது, எழுதிய பேராசிரியர் மறைந்துவிட்டார், கையெழுத்துப்படியும் இல்லை. முதுகலை மாணவர் நால்வர் அச்சு மலரையும் கோப்பையும் அருகருகே வைத்து, எந்தக் குப்பைக்குறி எந்தத் தமிழெழுத்து என்று பட்டியலிட்டனர். மோடத்தின் ஒலிக் கணக்கை இவ்வாறு ஊகிக்க எங்களால் இயன்றிருக்காது, எழுத்துக்கு இயன்றது. ஆறு வாரத்தில் இரண்டே குறிகள் நீங்கலாக அனைத்தும் தெளிந்தன.

துறைக்கு இனி எப்பொருளை வாங்கினும், அதன் கோப்பு வடிவமும் இயக்கும் முறையும் வெளியிடப்பட்டவைதாமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும் என ஆட்சிக் குழுவிடம் விண்ணப்பித்துள்ளேன். இம்மலரின் கட்டுரைகள் யாவும் ஒருங்குறியிலேயே தட்டச்சு செய்யப்பட்டுள்ளன. அந்தப் பன்னிரண்டாவது கட்டுரையும் இம்மலரில் இடம்பெறுகிறது. தெளியாத இரண்டு குறிகள் வரும் இடங்களில் சிறு வட்டம் இட்டிருக்கிறோம்.