பின்னொட்டை வெட்டினோம், முன்னொட்டை வளர்ப்பதா?

இலண்டன் காமன்ஸ் அவையிலே ஓர் உறுப்பினர் எழுகிறார். எதிர்வரிசையில் இருப்பவரைப் பார்த்து "நீங்கள்" என்று அவர் சொல்லக்கூடாது. பெயர் சொல்லியும் சுட்டக்கூடாது. அவைத் தலைவரை நோக்கித்தான் பேசவேண்டும். மற்றவரை, "இன்ன தொகுதியின் மாண்புமிகு உறுப்பினர்" என்றே குறிக்கவேண்டும். மன்னரின் பிரிவி கவுன்சிலில் இடம்பெற்றவரானால் அடைமொழி மேலும் ஒரு படி ஏறும். வழக்கறிஞருக்குக் "கற்றறிந்த", படைத்துறையினருக்கு "வீரமிக்க" என்று தனித்தனி அணிகலன்களும் ஒரு காலத்தில் இருந்தன.

இதைக் கேட்டதும் நம் இளைஞர் நகைப்பர். "அரண்மனைக் காலத்து ஆரவாரம்! அடைமொழி அலங்காரம்!" என்பர். முழுவதையும் தள்ளிவிடாதீர், தோழர்களே! இதிலே பதரும் உண்டு, மணியும் உண்டு. முறத்தில் இட்டுப் புடைத்துப் பார்ப்பதன்றோ பகுத்தறிவாளர் பணி?

மணி எது? தலைவரை நோக்கிப் பேசு என்பது மணி. இருவர் நேருக்கு நேர் நின்று "நீ" என்றும் "நான்" என்றும் தொடங்கினால், வாதம் மறையும், வம்பு முளைக்கும். சொல் தலைவர் வழியாகச் செல்லும்போது சினம் தணிகிறது. கருத்து மட்டும் எதிரியைச் சென்று சேர்கிறது. தொகுதியின் பெயரால் அழைப்பது அதனினும் உயர்ந்த மணி. அங்கே நிற்பவர் இன்னார் மகன் அல்லர், இன்ன குலத்தவர் அல்லர். இன்ன ஊர் மக்களின் வாய்! மதிப்பு அந்த ஆளுக்கு அன்று, அவரை அனுப்பிய மக்களுக்கு.

பதர் எது? மாண்பை முன்கூட்டியே வழங்கிவிட்டு, பின்னர் அதைச் சோதிக்க மறுப்பதுதான் பதர். "உறுப்பினர் மாண்புமிக்கவர். மாண்புமிக்கவர் பொய் சொல்லார். ஆகவே அவரைப் பொய்யர் என்பது குற்றம்." இது தருக்கமா, தலவிருட்சத்தின் மகிமையா?

2021 ஜூலை 22 அன்று டான் பட்லர் என்னும் உறுப்பினர், பிரதமர் போரிஸ் ஜான்சன் அவைக்கும் நாட்டுக்கும் பொய் சொன்னார் என்றார். சொல்லைத் திரும்பப் பெறுக என்றது தலைமை. மறுத்தார், அன்றைய அவையிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஈராண்டு கழிந்தது. கொரோனா ஊரடங்குக் காலத்தில் பிரதமர் இல்லத்தில் நடந்த விருந்துகள் பற்றி ஜான்சன் வேண்டுமென்றே அவையைத் தவறாக நடத்தினார் என்று, அதே அவையின் உரிமைக் குழு 2023 ஜூனில் அறிக்கை தந்தது. ஏற்றவர் 354 பேர். எதிர்த்தவர் 7 பேர்! பட்லர் சுட்டிய கூற்றுகள் வேறு, குழு ஆராய்ந்தவை வேறு, உண்மைதான். ஆயினும் அன்று அவை முதலில் ஆராய்ந்தது எதை? பிரதமரின் சொல்லில் உள்ள மெய்யையா, உறுப்பினரின் சொல்லில் உள்ள மரியாதையையா?

"முறைப்படி தீர்மானம் கொணர்ந்து குற்றம் சாட்டலாமே" என்பர் மரபு காப்போர். கொணரலாம்! ஆனால் அந்தத் தீர்மானத்துக்குக் கதவு திறக்கும் சாவி, பெரும்பான்மையின் இடுப்பில் அல்லவா தொங்குகிறது?

இலண்டன் கதை நமக்கெதற்கு என்பீரோ? சட்டமன்றத்தின் உரிமைகளைத் தனிச்சட்டம் வகுக்கும்வரை காமன்ஸ் அவையின் உரிமைகளே நமக்கும் அளவு என்று, 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 194ஆம் பிரிவு எழுதிவைத்தது. அந்த வீட்டு வழக்கம் நம் வீட்டுக்கும் வந்தது. "கனம்" வந்தது. பின்னர் நாம் அதை "மாண்புமிகு" ஆக்கினோம். 1967இல் அண்ணாவின் ஆட்சி "ஸ்ரீ"யை அகற்றித் "திரு"வை அமர்த்தியது. மொழி மீண்டது; மகிழ்ந்தோம். மனம் மீண்டதா?

குடிநீர்க் குழாய் பற்றிக் கேட்க எழுகிறார் ஓர் உறுப்பினர். தலைவரின் புகழைப் பாடுகிறார்; தலைவரின் தலைவரைப் பாடுகிறார்; அமைச்சரை அர்ச்சிக்கிறார். குழாய்க்கு வருமுன் மணி அடித்துவிடுகிறது! எந்தக் கட்சி என்று கேளாதீர், எந்தக் கட்சியும். கோயிலிலே நாமாவளி கூடாதென்ற நாம், மன்றத்திலே நாமாவளி கேட்டு மேசை தட்டலாமா?

1929இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரின் வாலில் தொங்கிய சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னது. பிறப்பால் வந்த பின்னொட்டை வெட்டிய கை, பதவியால் வரும் முன்னொட்டுக்கு நீர் ஊற்றலாமா? "பெரியார் என்பதும் பட்டந்தானே" என்று கேட்பார் உண்டு. 1938இல் சென்னையில் பெண்கள் கூடி, அன்பினால் தந்த பெயர் அது. விதியினால் வந்ததன்று, சொல்லாதவரை எவரும் வெளியேற்றியதில்லை. அன்பு தருவது பெயர். அதிகாரம் கேட்டு வாங்குவது கப்பம்!

ஆகவே நாம் வேண்டுவது இது: தலைவரை நோக்கிப் பேசும் முறை இருக்கட்டும். தொகுதியால் அழைக்கும் வழக்கம் வளரட்டும். அடைமொழி உதிரட்டும், "திரு" போதும். அவையில் சொன்னது பொய்யென்று சான்றுடன் காட்டப்பட்டால், சொன்னவர் அதே அவையில், அதே குறிப்பேட்டில் திருத்தக் கடமைப்பட்டவர் என்று விதி எழுதப்படட்டும்.

இன்னொன்றும் உண்டு. மன்றத்துக்குள்ளே "மாண்புமிகு" முழங்குகிறது. வாயிலைப் பெருக்கும் தொழிலாளியை "ஏய்" என்கிறது அதே நாக்கு. உள்ளே தரும் மதிப்பு வாக்களித்த மக்களுக்கென்றால், துடைப்பம் ஏந்திய அந்தக் கையும் வாக்களித்த கைதானே? அவரை நோக்கி "வாருங்கள்" என்று சொல்லப் பழகாத நாக்கு, அவையிலே எத்தனை முறை "மாண்புமிகு" என்றாலும் அது மரியாதை ஆகாது, மனப்பாடம்!