ஆடும் தின்னாத அழகுச் செடி

மலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு வியாதி இருக்கிறது. காரை விட்டு இறங்கி, கையைக் காலை உதறி, காபித் தோட்டத்து ஓரமாக நாலு அடி நடந்ததுமே ஏதாவது ஒரு செடியைக் காட்டி, "இதைச் சாப்பிடலாமே, ஏன் பிடுங்கிப் போடறீங்க?" என்று கேட்டுவிடுவார்கள். சேலத்துச் சொந்தக்காரர் கேட்கிறார். பெங்களூர் தம்பதி கேட்கிறார்கள். போனை நீட்டிச் செடியைப் படம் பிடித்தால் பேர், ஊர், சத்து எல்லாம் வந்துவிடுகிறதாம். இரும்புச்சத்து இருக்கிறது, கால்சியம் இருக்கிறது, சர்க்கரைக்கு நல்லது. களை எடுக்க ஆள் கிடைக்காமல் வாழவந்தி என்கிற மலைக்கிராமத்தில் அல்லாடுகிற எங்களுக்குத்தான் இது தெரியாமல் போய்விட்டது என்கிற மாதிரி ஒரு பார்வை வேறு.

சாப்பிடத் தெரியாதவர்களா நாங்கள்? காபிக் காட்டில் களை எடுக்க வந்த பெண்கள் பொழுது சாயும்போது வெறுங்கையோடு வீடு போனதில்லை. முந்தானையை மடியாகக் கட்டியிருப்பார்கள். குப்பைக்கீரை, மணத்தக்காளி, பண்ணைக்கீரை, ஓடை ஓரத்துப் பொன்னாங்கண்ணி, நாலு கொத்துப் புளியாரை எல்லாம் அதற்குள் விழும். கலந்து வேகவைத்து, இரண்டு பச்சை மிளகாயும் பூண்டும் போட்டுக் கடைந்தால் ராத்திரி ராகிக்களிக்கு அதுதான் குழம்பு. கூலிக்கு மேல் கிடைத்த கூலி. எதைக் கிள்ளலாம், எதைத் தொடக்கூடாது, எது பூ விட்ட பிறகு நார் நாராகிவிடும் என்பதையெல்லாம் அவர்களுக்கு எந்தப் போனும் சொல்லித் தரவில்லை. ஆத்தா கிள்ளியதைப் பார்த்து மகள் கிள்ளினாள், அவ்வளவுதான்.

அந்த மடிக்குள் விழுந்த செடிகளில் ஒன்றுகூட எங்கள் தோட்டத்தைப் பிடித்து ஆட்டியதில்லை. கண்ணில் பட்டதும் கிள்ளுப்படுகிற செடி எப்படிக் காடாகும்? காடாகி நிற்பதில் பெரும்பாலானவை மனுசனும் தின்னாத, ஆடும் மோந்து பார்த்துவிட்டு ஒதுங்குகிற, காட்டெருமைகூடத் தாண்டிப் போகிற ரகங்கள். "சாப்பிட்டே ஒழித்துவிடலாம்" என்று சொல்கிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசித்தால் என் பாதி வயிற்றெரிச்சல் அடங்கும்.

இப்போதைக்கு என் முதல் எதிரி வெடிலியா. பளபளவென்று பச்சை இலை, சின்னச் சூரியகாந்தி மாதிரி மஞ்சள் பூ. மேல்சரிவில் தங்கும் விடுதி கட்டியவர்கள் மண் சரியாமல் இருக்கவும் பார்க்க அழகாக இருக்கவும் ஒரே செடியாக இதை நட்டுவிட்டார்கள். மெக்சிகோ, கரீபியன் பக்கத்துச் செடி. தண்டு தரையைத் தொட்ட கணுவில் எல்லாம் வேர் விடும். வேலிக்கு அடியில் நுழைந்து, வாய்க்காலைக் கடந்து, மிளகுக் கொடி ஏறுகிற சில்வர் ஓக்கின் தூர் வரைக்கும் வந்துவிட்டது. அது படர்ந்த இடத்தில் புல் கிடையாது, கீரை கிடையாது, காபி நாற்றுகூட முகம் வாடி நிற்கும். புல்வெட்டி மெஷின் போட்டால் விரல் நீளத்துக்குத் துண்டு துண்டாக வெட்டி நாலாபக்கமும் வீசும். ஒவ்வொரு துண்டும் ஒரு நாற்று. ஆக, வெட்டக் கூலி கொடுத்தால் நடவுக் கூலி இலவசம்.

விடுதிக்காரர்கள் நல்லவர்கள்தான். பருவத்துக்கு ஒருமுறை அதைச் சீராக வெட்டிவிடுகிறார்கள். வெட்டியதை மூட்டை கட்டி ஓடையில் கொட்டிவிடுகிறார்கள். ஓடை எங்கே போகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் உலகத்தின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இந்த வெடிலியாவும் உண்டு, நம் மலைப்பாதையின் இரண்டு பக்கமும் முள்ளோடு நிற்கிற உன்னிச்செடியும் உண்டு. உன்னி பழைய குற்றவாளி, வெடிலியா பூந்தொட்டியில் உட்கார்ந்து ஊருக்குள் வருவது.

வெடிலியாவை ஒழிக்க ஒரே வழிதான் எனக்குத் தெரிகிறது. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கொத்தால் கிளறி, கணு விடாமல் கையால் உருவி எடுக்க வேண்டும். எடுத்ததை மண்ணில் போடாமல் பாறை மேல் பரப்பி, சருகாகும் வரை காய விட வேண்டும். வெயில் இல்லாத மாதத்தில் கறுப்பு பிளாஸ்டிக் கவரில் கட்டி அழுக விட வேண்டும். மறுமழைக்கு மறுபடி முளைத்ததை மறுபடி உருவ வேண்டும். இதைச் சொன்னால் யாரும் போனில் படம் பிடிப்பதில்லை.

அடுத்தது இளஞ்சிவப்புப் பூ பூக்கிற பெரிய புளியாரை. நம் ஊர்ச் சின்னப் புளியாரைக்கு மஞ்சள் பூ, இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த உறவுமுறை. இதைத் தாராளமாகச் சாப்பிடலாம், மறுக்கவில்லை. உளுந்தும் மிளகாயும் வறுத்துத் துவையல் அரைத்தால் புளியே வேண்டாம், அவ்வளவு புளிப்பு. அந்தப் புளிப்பு ஆக்சாலிக் அமிலம். வாரத்துக்கு ஒரு நாள் துவையலுக்குச் சரி. தினமும் தின்று தீர்க்கிறேன் என்று கிளம்பினால் களை ஒழியுமோ என்னவோ, சிறுநீரகத்தில் கல் நிச்சயம் வரப் பார்க்கும். அதைவிடக் கொடுமை, நாம் தின்பது இலையை. செடி உட்கார்ந்திருப்பதோ மண்ணுக்குள். பூண்டுப் பல் மாதிரிக் குட்டிக் குட்டிக் கிழங்கு கொத்துக் கொத்தாக இருக்கும். கோபத்தில் இழுத்தால் தண்டு கையோடு வரும், கிழங்கெல்லாம் உதிர்ந்து மண்ணிலேயே தங்கும். மண்வெட்டி போட்டால் பாத்தி முழுக்கப் பரவும். இலையைத் தின்பது அதற்கு முடி வெட்டிவிடுகிற மாதிரி.

போன கோடையில் வந்த ஒரு தம்பி இன்னொன்றைக் கண்டுபிடித்தார். கலின்சோகா என்கிற செடியைக் காட்டி, "அக்கா, கொலம்பியாவில இது இல்லாம சூப்பே வைக்க மாட்டாங்க" என்றார். உண்மைதான். பொகோட்டா நகரத்தில் அஹியாகோ என்று கோழியும் உருளைக்கிழங்கும் போட்ட சூப் உண்டு. அதன் மணமே இந்தக் களையின் காய்ந்த இலைதான். 1796இல் பெரு நாட்டிலிருந்து லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து தப்பி ஓடி உலகம் சுற்றிவிட்டது. சேலையிலும் பேன்ட்டிலும் ஊசி ஊசியாக விதை ஒட்டுகிற அந்த இன்னொரு களையின் கொழுந்தையும் ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் கீரையாகத் தின்கிறார்கள். எல்லாம் சரி. ஒரு குடும்பம் ஒரு வேளைக்கு ஒரு கட்டுக் கீரை தின்னும். அரை ஏக்கர் களைக்கு எத்தனை குடும்பம் வேண்டும், கணக்குப் போட்டுச் சொல்லுங்கள் தம்பி என்றேன். அவர் சூப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

தின்பதால் களை ஒழியாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. சப்பாத்திக்கள்ளிப் பழம் தின்று நாக்கைச் சிவப்பாக்கிக்கொள்ளாத பிள்ளை நம் கரட்டுக் காட்டில் உண்டா? தலைமுறை தலைமுறையாகத் தின்றோம். பழத்தைத் தின்று விதையை ஊரெல்லாம் துப்பினோம். கள்ளி பெருகத்தான் செய்தது. அதை ஒழித்த கதை வேறு. ஸ்பெயின்காரர்கள் மெக்சிகோவிலிருந்து விற்றுக் கொழித்த காச்சினீல் என்னும் சிவப்புச் சாயம் ஒரு பூச்சியிலிருந்து வருவது. அதற்குப் போட்டியாக ஆங்கிலேயரும் இங்கே சாயம் எடுக்க ஆசைப்பட்டார்கள். மதராசில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் இதற்கென்றே கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து வடநாட்டுக்குப் பூச்சி வந்து சேர்ந்தது. வந்தது வேறு பூச்சி, சாயம் தேறவில்லை. ஆனால் அது ஒரு வகைக் கள்ளியின் மடலைச் சாறு உறிஞ்சிக் கொன்றுபோட்டது. 1836 வாக்கில் அதைத் தென்னாட்டுக்கு வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டு அந்தக் கள்ளியை அடக்கினார்கள். மற்றொரு வகைக் கள்ளியை அந்தப் பூச்சி தொடவில்லை. அதற்கு 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சி வர வேண்டியிருந்தது, சில வருடங்களில் அதுவும் அடங்கிப்போனது. நாம் தின்றது பழத்தை. பூச்சி தின்றது செடியை. வித்தியாசம் அவ்வளவுதான்.

எல்லாக் களைக்கும் அப்படி ஒரு பூச்சி அமைவதில்லை. பார்த்தீனியத்துக்கு, அதாவது ரோட்டோரக் காங்கிரஸ் புல்லுக்கு, மெக்சிகோ வண்டு ஒன்றை 1984இல் பெங்களூரில் விட்டார்கள். மழைக்காலத்தில் இலையைச் சல்லடையாக்கும், மற்ற நாளில் மண்ணுக்குள் தூங்கும், செடி மறுபடி துளிர்க்கும். அதன் மேல் உரசினால் கையெல்லாம் தடிப்புத் தடிப்பாக அரிக்கும். பூ பார்க்க நன்றாக இருக்கிறதே என்று கொத்தாகப் பறித்துக் காருக்குள் வைத்துக்கொண்டு போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

உன்னிச்செடி அழகுக்காக வந்ததுதான். 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவில் வைத்தார்கள். அது எங்கள் மலை உச்சி வரை ஏறிவிட்டது. கறுத்த பழத்தைப் பிள்ளைகள் தின்பார்கள், குருவிகள் தின்று மரத்துக்கு மரம் விதைக்கும். இலையை மாடு தின்றால் ஈரல் கெட்டு, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெந்துபோகும். மாதேசுவரன் மலையில் சோலிகர்கள் இதன் தண்டில் நாற்காலி செய்கிறார்கள். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் இதில் ஆளுயரத்துக்கு மேல் யானைகள் செய்து, அவை லண்டன் பூங்காக்களில் நின்றன, அமெரிக்காவுக்கும் போயின. பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்டை வெட்டினால் தூர் மறுபடி துளிர்க்கும். தரைக்குக் கொஞ்சம் கீழே, வேர் தொடங்குகிற இடத்தில் வெட்டிப் புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப்போட வேண்டும் என்று டெல்லிப் பல்கலைக்கழகத்து சி. ஆர். பாபுவும் அவர் குழுவும் காட்டினார்கள். செய்து பார்த்தால் வேலை செய்கிறது. இடுப்புதான் ஒடிகிறது.

இடுப்பு ஒடியாமல் இருக்கத்தான் எல்லோரும் மருந்துக்குப் போய்விட்டார்கள். கிளைபோசேட். இந்தியாவில் இது தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத இடத்துக்கும் மட்டும் அனுமதிக்கப்பட்டது. பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள்தான் அடிக்கலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு உத்தரவும் போட்டது. கடையில் போய் நின்றால் எந்த உத்தரவையும் யாரும் கேட்பதில்லை, எத்தனை லிட்டர் என்றுதான் கேட்கிறார்கள். காபிக்கும் அடிக்கிறார்கள், வேலிக்கும் அடிக்கிறார்கள், நடைபாதைக்கும் அடிக்கிறார்கள். அடித்தால் முதலில் சாவது குப்பைக்கீரையும் மணத்தக்காளியும். உன்னியின் தூர் இரண்டு மாதம் சோர்ந்து கிடந்து திரும்ப எழும். களை எடுக்க வந்த அக்காவிடம், "மடியில ஒண்ணும் காணோமே" என்றேன். "மருந்தடிச்ச காட்டுல எவங்க கீரை பறிப்பா? எங்க அடிச்சாங்க, எங்க அடிக்கலன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றார். அவர் மகளுக்குப் பண்ணைக்கீரையை அடையாளம் தெரியாது. சேலத்தில் வேலைக்குப் போகிறாள், சந்தையில் பாலக் கட்டு வாங்கி வருகிறாள். தின்னக்கூடிய களையை ஊரே சேர்ந்து மருந்தடித்துக் கொன்றுவிட்டு, தின்ன முடியாததைப் பார்த்து "சாப்பிடலாமே" என்று கேட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

வெளியூர்ச் செடியே வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். என் சோறே காபியில்தான் வேகிறது. அதை 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இந்த மலைக்குக் கொண்டுவந்தார். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, சௌசௌ மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. நாம் பாடுபட்டால்தான் பலன் தருகிற செடிகள் இவை, ஒரு வருடம் கவனிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நான் கேட்பது, நம் கை படாமலே ஓடுகிற செடியை ஏன் காசு கொடுத்து வாங்கி வைக்கிறோம் என்பதைத்தான். ஊடுருவும் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கையே வெளியிட்டது. முதுமலையில் மஞ்சள் கொன்றையை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். காட்டுக்குள் இத்தனை செலவு செய்து எடுக்கிறார்கள், ஊருக்குள் பூந்தொட்டியில் வைத்து விற்பதை ஒருவரும் கேட்பதில்லை.

கோடை விழாவுக்கு முந்தைய வாரம் நாற்று விற்கிற ஒரு கடையில் இதைக் கேட்டே பார்த்தேன். வெடிலியா வரிசையாக அடுக்கியிருந்தது. இது ஓடுமே, அடுத்தவன் காட்டுக்குள் போகுமே என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்குத்தானுங்க எல்லாரும் கேட்டு வாங்கறாங்க. தண்ணிகூட ஊத்த வேண்டாம், ஒரே மழையில சரிவு பூரா மூடிரும். எத்தனை தொட்டி எடுத்து வைக்கட்டும்?"